கேளிக்கைப் பூங்காவின் முதலுதவி அறை: அங்கே என்ன வேலை, யார் சேரலாம்?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம்மவர்களின் பஸ்கள் கேளிக்கைப் பூங்காக்களை நோக்கிக் கிளம்பிவிடும். தோட்டத்து ஆலயத்தின் இளைஞர் பிரிவு, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிற்சாலையின் குடும்ப தினம் என்று ஏதாவது ஒரு பெயரில் நாற்பது பேர் ஒரு பஸ்ஸில் ஏறுவார்கள். உள்ளே நுழைந்ததும் சறுக்கு எங்கே, சாப்பாட்டுக் கடை எங்கே, கழிப்பறை எங்கே என்று தேடுவார்கள். பச்சை நிறத்தில் வெள்ளைச் சிலுவை போட்ட முதலுதவிப் பலகை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைப்பவர்கள் மிகக் குறைவு.

அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை இருக்கும். ஓரிரு கட்டில், கை கழுவும் தொட்டி, மருந்துப் பெட்டி, பிராணவாயு உருளை, சக்கர நாற்காலி, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி. அங்கே சீருடையோடு நிற்பவர்களுக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு பெயர். சில பூங்காக்களில் முதலுதவியாளர், சிலவற்றில் மெடிக், பெரிய இடங்களில் பதிவு பெற்ற மருத்துவ உதவியாளர் அல்லது தாதி. நம் பிள்ளைகள் சிலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். இன்னும் பலர் சேரலாம் என்பதால் இந்த வேலையின் உள்ளும் புறமும் தெரிந்திருப்பது நல்லது.

மலேசியாவில் இதற்கு இடம் நிறைய உண்டு. பழைய ஈயச் சுரங்கக் குழியைச் சீர்படுத்தி 1993இல் திறக்கப்பட்ட சன்வே லகூன், ஈப்போவுக்கு அருகே சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவில் 2004இல் வந்த லோஸ்ட் வேர்ல்ட் ஓஃப் தம்புன், 2012இல் ஜொகூரில் திறந்த லெகோலாந்து, பினாங்கு தெலுக் பஹாங்கில் உள்ள எஸ்கேப், 2022இல் கெந்திங் மலையில் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் ஆகியவை எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள். இவை தவிர சிறிய நீர்ப் பூங்காக்கள் பல மாநிலங்களில் இருக்கின்றன.

<b>ஒரு நாள் எப்படிப் போகும்</b>

வாசல் திறப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். ஏஇடி கருவியின் பச்சை விளக்கு எரிகிறதா, பிராணவாயு உருளையில் அளவு போதுமா, பையில் கையுறை, துணிக்கட்டு, குளிர்ப்பை எல்லாம் இருக்கின்றனவா, வாக்கி டாக்கி வேலை செய்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் மூச்சில்லாமல் கிடக்கும்போது பேட்டரி தீர்ந்த கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதில் பயனில்லை.

பிறகு வருவது பெரும்பாலும் சில்லறைக் காயங்கள். ஈரத் தரையில் வழுக்கி முட்டி சிராய்த்த பிள்ளை, கால் விரல் நகம் பெயர்ந்த இளைஞர், சறுக்கில் உரசி முதுகுத் தோல் சிவந்தவர், வெயிலில் சுட்ட தரையில் செருப்பில்லாமல் நடந்து பாதம் கொப்பளித்தவர், சுழலும் ராட்டினத்தில் இறங்கி வாந்தி எடுப்பவர், மூக்கில் இரத்தம் வடிபவர். அம்மாவைத் தொலைத்த பிள்ளைகளும் பல நேரம் இந்த அறைக்குத்தான் வந்து சேரும். நாள் முழுக்கப் பிளாஸ்திரி ஒட்டி, குளிர்ப்பை வைத்து, தண்ணீர் கொடுத்து அனுப்புவதிலேயே பொழுது போய்விடும்.

இந்த வேலையின் சிரமமும் இங்கேதான் இருக்கிறது. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்குப் பிளாஸ்திரி போதும். மீதி ஒருவர் மற்றவர்களைப் போலவே நடந்து வந்து, மற்றவர்களைப் போலவே "கொஞ்சம் தலை சுத்துது" என்பார். அந்த ஒருவரைக் கூட்டத்தில் அடையாளம் காண்பதற்குத்தான் பூங்கா சம்பளம் கொடுக்கிறது. பேசும்போது வாய் குளறுகிறதா, நிறம் வெளுத்திருக்கிறதா, வியர்வை குளிர்ந்திருக்கிறதா, கேட்ட கேள்விக்குப் பொருந்திய பதில் வருகிறதா என்று பிளாஸ்திரி ஒட்டும் நேரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

<b>தண்ணீரில் நடப்பது</b>

மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூச்சல் போடுவார் என்று சினிமா பார்த்து நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் மூழ்கும் பிள்ளை சத்தம் போடாது. மூச்சுக்கே வாய் போதாதபோது கத்துவதற்கு ஏது காற்று? செயற்கை அலைக் குளத்தில் இருநூறு பேர் துள்ளிக்கொண்டிருக்கும்போது ஒரு தலை மட்டும் அசைவில்லாமல் நீர்மட்டத்தில் நிற்கும். அதைக் கண்டுபிடிப்பது உயிர்காப்பாளரின் வேலை. கரைக்குக் கொண்டுவந்த பின் முதலுதவியாளர் சேர்ந்துகொள்வார்.

மாரடைப்பில் விழுந்தவருக்கும் நீரில் மூழ்கியவருக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மூழ்கியவரின் உடலில் பிராணவாயு தீர்ந்துபோயிருக்கும். ஆகவே பயிற்சி பெற்றவர்கள் முதலில் முகமூடி வழியாக மூச்சுக் கொடுத்துவிட்டுத்தான் நெஞ்சழுத்தத்தைத் தொடங்குவார்கள். பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறிப் போகும். பெரியவர்களுக்கு நெஞ்சு 5 முதல் 6 செண்டிமீட்டர் வரை அமுங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். இதை இரண்டு நிமிடம் ஒழுங்காகச் செய்தாலே கை சோர்ந்துவிடும், அதனால் இருவர் மாறி மாறிச் செய்வார்கள். ஏஇடி ஒட்டுவதற்கு முன் ஆளைத் தேங்கிய நீரிலிருந்து இழுத்து, நெஞ்சைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். ஈர நெஞ்சில் ஒட்டுப்பட்டை நிற்காது.

மூழ்கியவரைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும் என்ற நம்பிக்கை இன்னும் நம்மிடம் இருக்கிறது. ஆற்றங்கரையில் தலைகீழாகத் தூக்கிச் சுற்றிய கதைகளும் உண்டு. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருக்கும் சாப்பாடு மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். அதோடு மூச்சுக் கொடுக்க வேண்டிய பொன்னான நேரமும் வீணாகும்.

இன்னொரு சங்கடம், காப்பாற்றிய பிறகு வரும். பிள்ளை இருமும், அழும், பிறகு சாதாரணமாகிவிடும். டிக்கெட் காசு கொடுத்தாயிற்றே என்று குடும்பம் அடுத்த சறுக்குக்குக் கிளம்பும். இருமல் நிற்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, பிள்ளை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்குகிறது என்றால் அந்தப் பிள்ளை மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் சில மணி நேரம் கழித்தும் தொல்லை கொடுக்கும். வாயெல்லாம் பல்லாக விளையாட வந்த குடும்பத்திடம் இதை எடுத்துச் சொல்லிப் புரியவைப்பது, நெஞ்சழுத்தம் கொடுப்பதைவிடக் கடினம் என்று கூடச் சொல்லலாம்.

சறுக்கின் முடிவில் தலை இடித்தவர், ஆழம் குறைந்த இடத்தில் தலைகீழாகப் பாய்ந்தவர் ஆகியோரின் கதை வேறு. கூட வந்தவர்கள் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்ப்பார்கள். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு இழுப்பே கைகால் செயலிழக்கக் காரணமாகலாம். உயிர்காப்பாளர்கள் அவரை நீரிலேயே மிதக்கவிட்டுத் தலையை அசையாமல் பிடித்து, பலகையில் ஏற்றி வெளியே கொண்டுவருவது அதனால்தான். "ஏன் இப்படி மெதுவாகச் செய்கிறார்கள்" என்று கரையிலிருந்து திட்டு விழும். மெதுவாகச் செய்வதுதான் அங்கே சரியான முறை.

<b>வெயிலும் சர்க்கரையும்</b>

நம் நாட்டில் பதிவான அதிகபட்ச வெப்பம் 1998 ஏப்ரலில் பெர்லிஸ், சூப்பிங்கில் 40.1 பாகை. தொடர்ந்து மூன்று நாள் 35 பாகையைத் தாண்டினால் வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை கொடுக்கிறது. நீர்ப் பூங்காவில் இருக்கிறோம், உடம்பு நனைந்துகொண்டே இருக்கிறது, வெயில் என்ன செய்யும் என்று பலரும் நினைக்கிறார்கள். தோல் நனைந்திருப்பதால் தாகம் தெரியாது. வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்பார்கள். குடிப்பதோ ஐஸ் போட்ட இனிப்புப் பானம்.

வெப்பச் சோர்வு என்றால் தலைவலி, வாந்தி உணர்வு, தசைப்பிடிப்பு, களைப்பு. நிழலில் படுக்கவைத்து, தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுத்தால் தேறிவிடுவார். வெப்பத்தாக்கு வேறு. உடல் வெப்பம் 40 பாகையை எட்டி, ஆள் உளறத் தொடங்குவார், தள்ளாடுவார், வலிப்பு வரும், நினைவு தப்பும். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை, வியர்த்துக்கொண்டிருப்பவருக்கும் வரும். இதில் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உடலைக் குளிர்விக்க வேண்டும். முடிந்தால் குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்த்துவது, முடியாவிட்டால் நீரை ஊற்றிக்கொண்டே விசிறுவது, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ்பை வைப்பது. நீர்ப் பூங்காவில் இதற்கு வசதிக்குப் பஞ்சமில்லை.

உளறலும் தள்ளாட்டமும் வெயிலால் மட்டும் வருவதில்லை. நம் சமூகத்தில் முதலில் நினைக்க வேண்டியது சர்க்கரை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. ஆக நாற்பது பேர் வரும் நம் பஸ்ஸில் பெரியவர்கள் பாதிப் பேர் என்றாலும் அவர்களில் ஆறேழு பேருக்கு நீரிழிவு இருக்க வாய்ப்புண்டு.

விடியற்காலை நான்கு மணிக்குத் தோட்டத்தில் பஸ் ஏறுகிறார் ஒரு தாத்தா. வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டார், அல்லது இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். பசியாறல் பூங்காவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பேரப்பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் நடந்தார். பத்தரை மணிக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, கேட்டதற்குக் கோபமாகப் பதில் சொல்கிறார். பார்ப்பவர்கள் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஒதுங்குவார்கள். விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு 4 மில்லிமோலுக்கும் கீழே இருக்கும்.

விழுங்கும் அளவுக்குத் தெளிவாக இருந்தால் சிகிச்சை எளிது. மூன்று தேக்கரண்டி சீனி கலந்த நீர் அல்லது ஒரு சிறிய பெட்டி இனிப்புப் பானம், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை, தேறியதும் சோறு அல்லது ரொட்டி. "சீனி இல்லாத" பானத்தை ஓடிப்போய் வாங்கி வருபவர்களும் உண்டு, நீரிழிவுக்காரர் ஆயிற்றே என்று! நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 999 அழைக்க வேண்டியதுதான்.

<b>"மயக்கமா வருது" என்றால் என்ன?</b>

தமிழ் தெரிந்த ஒருவர் முதலுதவி அறையில் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது, பெரியவர்கள் நோயைச் சொல்லும்போதுதான் தெரியும். மலாய் நன்றாகப் பேசும் பாட்டிகூட உடம்புக்கு முடியாதபோது தமிழுக்குத்தான் வருவார். "மயக்கமா வருது" என்பது தலைசுற்றலாக இருக்கலாம், குமட்டலாக இருக்கலாம், கண் இருட்டுவதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் காரணம் வேறு. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். "நெஞ்சைக் கரிக்குது", "மூச்சு முட்டுது", "கை மரத்துப்போச்சு" போன்ற சொற்களைச் சரியாக மொழிபெயர்க்காமல் "பெனிங்" என்று ஒரே சொல்லில் ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொல்லிவிட்டால் பாதித் தகவல் போய்விடும்.

அதிலும் "வாயு" என்ற சொல் ஆபத்தானது. நெஞ்சு அடைக்கிறது, தாடை வலிக்கிறது, இடது கை கனக்கிறது, வியர்க்கிறது என்றாலும் நம்மவர்கள் பலர் அதற்கு வைக்கும் பெயர் வாயு. இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு நடந்தால் சரியாகிவிடும் என்பார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சுத்திணறலுமாக வருவதும் உண்டு. அனுபவமுள்ள முதலுதவியாளர் வாயு என்று கேட்டதும் அவரை நடக்கவிடாமல் உட்கார வைத்து, ஏஇடியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழைப்பார். பிறகு வாயுதான் என்று தெரிந்தால் யாருக்கும் நட்டமில்லை.

வீட்டு வைத்தியமும் கூடவே வரும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது இன்னும் நடக்கிறது. இரும்பு வலிப்பை நிறுத்தாது. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும், பெருமை சாவிக்குப் போய்விடுகிறது. பல்லுக்கிடையே கரண்டி வைப்பது பல்லை உடைக்கும். சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, தலைக்குக் கீழே துணி வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடங்கியதும் ஒருக்களிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நீருக்குள் வலிப்பு வந்திருந்தாலோ மருத்துவமனை. மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்வது தவறு, இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்னால் குனிந்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். சுட்ட புண்ணில் பற்பசை, சோயா சாஸ் பூசிக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டுவதுதான் மருந்து. கோடாலித் தைலம் தலைவலிக்கு நல்லதாகவே இருக்கட்டும். மயங்கிக் கிடப்பவரின் மூக்கில் அதைத் தேய்ப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இவற்றைச் சொல்லும்போது பெரியவர்களை மட்டம் தட்டாமல் சொல்ல வேண்டும். "பாட்டி, சாவிய நான் பிடிச்சுக்கிறேன், நீங்க தம்பியோட தலைய மட்டும் பாத்துக்குங்க" என்று ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டால் கூட்டமும் அடங்கும், பாட்டிக்கும் மனக்குறை வராது. கைப்பேசியில் படம் பிடிக்கும் கூட்டத்தை விலக்க, நான்கு பேரைத் துண்டு பிடித்து மறைக்கச் சொல்வது பல இடங்களில் கைகொடுக்கும் வழி.

<b>இடத்துக்கேற்ற சிக்கல்கள்</b>

எல்லாப் பூங்காவிலும் ஒரே மாதிரி நோயாளிகள் வருவதில்லை. கெந்திங் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிமூட்டமும் குளிரும் ஆஸ்துமாக்காரர்களைத் தொந்தரவு செய்யும். இன்ஹேலரோ பெரும்பாலும் பஸ்ஸிலோ லாக்கரிலோ கிடக்கும். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் போக்குவரத்துக்கு நேரம் பிடிக்கும் என்பதால் அங்கே முன்கூட்டியே அழைப்பது முக்கியம்.

தம்புனில் இயற்கை வெந்நீர் ஊற்று உண்டு. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது. கால் வெந்த பிறகுதான் பார்ப்பார்கள். நெடுநேரம் வெந்நீரில் இருந்துவிட்டுச் சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும், அதுவும் அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு. பினாங்கு எஸ்கேப்பில் 1,111 மீட்டர் நீளமுள்ள நீர்ச்சறுக்கு இருக்கிறது. அவ்வளவு தூரம் போகும்போது முழங்கை, குதிகால் உரசாமல் மிதவையைப் பிடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பதே பாதி முதலுதவி. மரங்கள் சூழ்ந்த பூங்காக்களில் குளவி. கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் குளிர்ப்பை போதும். உதடு வீங்கி, குரல் மாறி, உடம்பெல்லாம் தடித்தால் அது ஒவ்வாமையின் உச்சம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இரப்பர் காட்டில் குளவிக்குப் பயந்து ஓடிய தலைமுறைக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேக ராட்டினங்களின் வாசலில் கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், முதுகுவலி உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று எழுதியிருக்கும். உயர அளவுக்கோலில் பிள்ளை ஒரு விரல் குறைந்தால் பெற்றோர் வாதாடுவதும், இரண்டு மாதத்துக்கு முன் இதய அறுவை சிகிச்சை செய்தவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேசாமல் வரிசையில் நிற்பதும் ஊழியர்கள் அறிந்ததே.

<b>எல்லை எங்கே?</b>

முதலுதவியாளர் டாக்டர் அல்ல. சான்றிதழ் மட்டும் உள்ளவர் மாத்திரை கொடுப்பதைப் பொதுவாகப் பூங்காக்கள் அனுமதிப்பதில்லை, ஒரு பனடோல் கூட. நோயாளி தம்முடைய இன்ஹேலரையோ மாத்திரையையோ எடுத்துக்கொள்ள உதவலாம். பதிவு பெற்ற மருத்துவ உதவியாளர் இருக்கும் இடத்தில் அவருக்கு அதிகாரம் கூடுதல். "ஒரு மாத்திரை தரக்கூட மனசு வரலையா" என்று கோபப்படுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு சம்பவத்தையும் நேரத்தோடு எழுதி வைப்பதும் வேலையின் ஒரு பகுதி. எத்தனை மணிக்குப் பார்த்தது, நோயாளி என்ன சொன்னார், என்ன செய்யப்பட்டது, மருத்துவமனைக்குப் போக மறுத்தாரா என்பது எல்லாம் பதிவாக வேண்டும். நாளை வழக்கோ காப்புறுதிக் கோரிக்கையோ வந்தால் பேசப்போவது அந்தத் தாள்தான். அதில் உள்ள உடல்நல விவரங்கள் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வாட்சப் குழுவில் போடுவதற்கானவை அல்ல.

<b>யார் சேரலாம், என்ன கிடைக்கும்</b>

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு டிரஸ்ஸர் ஐயாவை மறக்க முடியாது. பெரிய டாக்டர் எப்போதாவதுதான் வருவார். பால்வெட்டில் கத்தி பட்ட கை, பிள்ளையின் காய்ச்சல், நடுராத்திரி பாம்புக்கடி எல்லாம் டிரஸ்ஸரிடம்தான். எதைத் தாமே பார்ப்பது, எதை உடனே டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று தெரிந்திருந்ததே அவருடைய கெட்டிக்காரத்தனம். அவர்களுக்கென்றே 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. 1977இல் வந்த இன்னொரு சட்டம் மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய வழி செய்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு டிரஸ்ஸர்கள் குறைந்துவிட்டாலும், மருத்துவமனை தூரத்தில் இருக்கும்போது முதலில் பார்ப்பவரின் வேலை மாறவில்லை. அதன் ஒரு கிளை இன்று பூங்காவில் இருக்கிறது.

எளிய வாசல் முதலுதவிச் சான்றிதழ். மலேசிய செம்பிறைச் சங்கம், செயிண்ட் ஜோன் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் முதலுதவி, சிபிஆர், ஏஇடி பயிற்சிகளை நடத்துகின்றன. அடிப்படைப் பயிற்சி ஓரிரு நாளில் முடிந்துவிடும். சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு, புதுப்பிக்க வேண்டும். பள்ளியில் செம்பிறை, செயிண்ட் ஜோன் சீருடை அணிந்த மாணவர்கள் ஒரு படி முன்னால் இருப்பார்கள். நீச்சல் தெரிந்து உயிர்காப்புப் பயிற்சியும் எடுத்தால் நீர்ப் பூங்காவில் வாய்ப்பு கூடும்.

நிலையான தொழிலாக்க விரும்புகிறவர்கள் மருத்துவ உதவியாளர் டிப்ளோமாவைப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுப் படிப்பு. எஸ்பிஎம் தேர்வில் மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் உட்படக் கிரெடிட்டுகள் தேவை. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களிலும் தனியார் கல்லூரிகளிலும் படிக்கலாம். தனியார் கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்பை மருத்துவ உதவியாளர் வாரியம் அங்கீகரித்திருக்கிறதா என்று கட்டாயம் விசாரிக்க வேண்டும். பெயர் ஒன்றுபோல இருக்கும் சுகாதாரப் படிப்புகள் எல்லாமே பதிவுக்கு உதவாது. பிடிபிடிஎன் கடனை வாங்கி, மூன்று வருடம் படித்து, கடைசியில் பதிவு கிடையாது என்று தெரிந்தால் அந்தக் குடும்பம் எங்கே போகும்?

சம்பளத்தைப் பொறுத்தவரை, வெறும் சான்றிதழோடு சேர்பவர் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. குறைந்தபட்ச சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது 2023 ஜனவரியில் இருந்து சட்டம். எல்லாரும் ஓய்வெடுக்கும் நாளில்தான் பூங்காவுக்கு வேலை அதிகம், ஆகவே சனி, ஞாயிறு, தீபாவளி என்றெல்லாம் பார்க்க முடியாது. மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவர், நிறுவனம் ஒப்புக்கொண்ட பொது விடுமுறையில் வேலை செய்தால், தீபகற்பத்தில் விடுமுறைச் சம்பளத்தோடு மேலும் இரண்டு நாள் சம்பளம் பெற உரிமை உண்டு. பகுதிநேர வேலை என்று சொல்லிச் சொக்சோ கட்டாமல் விடுகிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டும். ஈரத் தரையில் ஓடுகிற வேலை, இரத்தத்தைத் தொடுகிற வேலை. கையுறை, ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி இரண்டையும் கேட்டுப் பெறுவது நல்லது.

எழுதப்படாத செலவு ஒன்றும் இருக்கிறது. எவ்வளவு முயன்றும் ஒரு பிள்ளை பிழைக்காமல் போன நாளுக்குப் பிறகு, மறுநாள் அதே குளத்தின் கரையில் நிற்க வேண்டும். நல்ல பூங்காக்களில் அந்தக் குழுவை உட்காரவைத்துப் பேசவிடுவார்கள், சில நாள் வேறு இடத்தில் வேலை கொடுப்பார்கள். வேலைக்குச் சேரும்போதே இதைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை.

<b>பஸ் ஏற்பாடு செய்பவர்களுக்கு</b>

முதலுதவி அறையில் இருப்பவர்களுக்கு மிகவும் உதவுவது, வருபவர்களின் உடல்நிலை பற்றிய உண்மை. குழுவாகச் செல்லும்போது ஆசிரியரோ சங்கச் செயலாளரோ ஒரு தாளில் யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வலிப்பு, யாருக்கு நீரிழிவு, என்ன மருந்து, எதற்கு ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண் என்ன என்று எழுதி எடுத்துச் செல்லலாம். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று மகளின் வலிப்பை மறைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பட்டியல் போடுவதாகச் சொல்லாமல் தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். வலிப்பு உள்ளவர் நீரில் இறங்கும்போது விஷயம் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இன்ஹேலர் லாக்கரில் இருக்கக் கூடாது, நீர் புகாத பையில் கூடவே இருக்க வேண்டும். இன்சுலினைப் பஸ்ஸில் விட்டால் வெயிலில் கெட்டுவிடும். குளிர்ப்பையில் வைத்து முதலுதவி அறையில் கொடுத்து வைக்க முடியுமா என்று வாசலிலேயே கேட்கலாம். பசியாறாமல் யாரும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்பதைப் பஸ் புறப்படும் முன் கேட்டுவிட வேண்டும். பூங்காவுக்குள் ஏதாவது நடந்தால் 999 அழைப்பதோடு பக்கத்தில் நிற்கும் ஊழியரிடமும் சொல்ல வேண்டும். எந்த வாசலுக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டும், எந்த வழியாகப் படுக்கை வண்டி போகும் என்பது அவருக்குத்தான் தெரியும்.